மல்லிகைச் சோடா

கோட்டைச்சாமி வந்து சொன்னபோது, விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் சுருளியாண்டி முதலில் நினைத்தான்.

"எஸ்டேட்டுத் தொரையும் தொரசானியும் ஞாயித்துக்கெழம நம்ம தோட்டத்துக்கு வாராக. பாரஸ்ட் ரேஞ்சரும் வாராரு. வெயிலு இந்தப் போடு போடுது. இந்த வெயில்ல பிராந்தியத் தெறந்து வச்சா நல்லாவா இருக்கும்? லேசா, நொரச்சு, பூ வாசமா ஒண்ணு செஞ்சு குடு. மலையில பங்களாவுல வேல பாத்தவன்தான நீ?"

கோட்டைச்சாமிக்கு அனுமந்தன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் இருந்தது. ஏலக்காய் வியாபாரமும் உண்டு. மேலே எஸ்டேட்டில் இருந்து காய் இறக்கும் வேலையைப் பிடித்துவிட வேண்டும் என்று இரண்டு வருசமாக அலைந்துகொண்டிருந்தார். சுருளியாண்டி உத்தமபாளையத்தில் சோடாக் கடை வைத்திருந்தான். கோலி சோடா, கலர், எலுமிச்சை சர்பத்து. கல்யாணத்துக்கு முன்னால் மலையில் ஒரு வெள்ளைக்கார பங்களாவில் பட்லருக்குக் கையாளாக இருந்தவன்.

அந்த பங்களாத் துரைசாணிக்கு ஒவ்வொரு கோடைக்கும் அவள் ஊரில் இருந்து கப்பலில் ஒரு பாட்டில் வரும். வேலியோரத்தில் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும் ஏதோ வெள்ளைப் பூவின் பாகு என்று பட்லர் சொல்லியிருந்தார். அதில் கொஞ்சம், ஜின் கொஞ்சம், எலுமிச்சை இரண்டு சொட்டு, மேலே சோடா. கண்ணாடித் தம்ளரில் குமிழ் குமிழாக ஏறும். ஒரு வருசம் பாட்டில் உடைந்து வந்து சேர்ந்தது. துரைசாணி ஈரப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு, யாரோ போய்விட்ட மாதிரி நின்றாள். நம் ஊர் மல்லிகையில் இதைச் செய்தால் என்ன என்று அப்போதே சுருளியாண்டிக்குத் தோன்றியது. ஆனால் தட்டுக் கழுவுகிறவன் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. இப்போது கோட்டைச்சாமி கேட்டதும் அந்த நினைப்பு முழுசாக எழுந்து உட்கார்ந்துகொண்டது.

"செஞ்சுரலாம்யா" என்றான்.

செய்வது அவ்வளவு சுலபமாக இல்லை. முதலில் பூவைப் போட்டுக் கொதிக்க வைத்தான். நேற்றைய மாலையைத் தண்ணீரில் போட்டு மறந்துவிட்ட மாதிரி ஒரு நாற்றம் வந்தது. அடுத்தது பாகு கூடிப்போய்ப் பாயசம் ஆகிவிட்டது. அவன் பெண்சாதி சுப்புத்தாய், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "கொழுக்கட்டைக்கு ஊத்திக்கிறலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வழி சொன்னவன் முத்துவீரன். சுப்புத்தாயின் அண்ணன், கடையில் சோடா மெஷின் சக்கரம் சுற்றுகிறவனும் அவன்தான்.

"பூவ எதுக்கு மாப்ள வேக வைக்கிற? பொண்டுக தலையில வேக வச்சா வச்சிருக்காக? அது தானா விரியும்போதுதான வாசம் விடும்."

அது சரியாகப் பட்டது. சாயங்காலம் மொட்டாகவே வாங்கினார்கள். புதுப்பானையில் ஊற்றுத் தண்ணீர் நிரப்பி, மொட்டுகளை மேலாகப் பரப்பி, ஈரத்துணியால் வாய் மூடி வைத்தார்கள். விடியக்காலையில் துணியை எடுத்தபோது மொட்டெல்லாம் தண்ணீரின் மேலேயே விரிந்து கிடந்தது. அழுக விடாமல் உடனே பூவை அரித்து எடுத்துவிட்டுத் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்தான் சுருளியாண்டி. பூ வாசம் நாக்கில் தெரியவில்லை. விழுங்கிய பிறகு மூக்கில் ஏறியது. அதுதான் வேண்டும். ஆறிய சீனிப்பாகும் எலுமிச்சைச் சாறும் அளவாகச் சேர்த்தான்.

மதுரையில் இருந்து கோட்டைச்சாமி தருவித்திருந்த ஜின்னைத் திறக்கப் போகும்போது முத்துவீரன் எழுந்துகொண்டான்.

"நான் வெளிய நிக்கிறேன் மாப்ள. அந்த வாட வேணாம்."

அவன் மணிக்கட்டில் மஞ்சள் காப்பு கட்டியிருந்தது. வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்க விரதம். முத்துவீரன் ஒரு காலத்தில் குடித்த குடியை உத்தமபாளையமே அறியும். போதையில் பெண்சாதி சோணையம்மாளின் கையை முறித்துவிட்டான். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தேவாரத்துக்கு, அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். அதன் பிறகுதான் அவன் அம்மன் முன்னால் குடியை விட்டது. அவள் சட்டென்று நம்பிவிடவில்லை. இரண்டு திருவிழாவுக்கு அவன் தீச்சட்டி ஏந்தி வருவதைக் கூட்டத்தில் நின்று பார்த்தாள். அதற்குப் பிறகே வந்து சேர்ந்தாள்.

ஜின் கலந்தது ஒரு பெட்டி, கலக்காதது ஒரு பெட்டி என்று போட்டார்கள். வண்டிக்காரர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் வெறும் பூச்சோடா வேண்டுமே. முத்துவீரன் உள்ளே வந்து சக்கரத்தைச் சுற்றினான். கேஸ் ஏறி, கோலி மேலே வந்து கழுத்தில் அடைத்துக்கொண்டது. ஜின் பாட்டில்களின் கழுத்தில் சிவப்பு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டதும் அவன்தான்.

"கண்ணு தெரியாதவன் தடவிப் பாத்தாலும் தெரியும் மாப்ள. ரெட்ட முடிச்சு."

ஞாயிற்றுக்கிழமை திராட்சைப் பந்தலுக்குக் கீழே மேஜை போட்டிருந்தார்கள். மதுரையில் இருந்து ரயிலில் தேனிக்கு வந்து, அங்கிருந்து மரத்தூளும் சாக்குமாக வண்டியில் வந்த ஐஸ் கட்டி பாதி கரைந்திருந்தது. முத்துவீரன் புளிய மர நிழலில் உட்கார்ந்து அதை உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். சுருளியாண்டி வெள்ளைச் சட்டை போட்டு மேஜைக்குப் பின்னால் நின்றான்.

கோலியை உள்ளே தள்ளியதும் 'பிஸ்'ஸென்று நுரை எழும்பியது. கூடவே மல்லிகை வாசம் பந்தல் முழுக்கப் பரவியது. எஸ்டேட்டுத் துரைசாணி ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு ரேஞ்சரிடம் என்னமோ சொன்னாள்.

"அவங்க ஊர்க் கோடை ஞாபகத்துக்கு வருதாம்" என்றார் ரேஞ்சர். "மலையில துரைமார் கிளப்புக்கு இதே மாதிரி செஞ்சு தருவியான்னு கேக்கறாங்க."

சுருளியாண்டிக்குக் காது மடல் சூடாகிவிட்டது. கழுவிய தட்டுகளை ஏந்திக்கொண்டு சுவரோடு சுவராக நின்ற நாட்களில் ஒரு நாள்கூட ஒரு துரைசாணி அவன் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை.

ரேஞ்சர் இரண்டாவது தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இதுல ஜின் இருக்குன்னு சத்தியம் பண்ணினாலும் எவனும் நம்ப மாட்டான்யா."

"குடிச்சுப் பழகின நாக்கு கண்டுபிடிச்சுரும்" என்றார் கோட்டைச்சாமி.

"எந்த நாக்கும் கண்டுபிடிக்காது."

கோட்டைச்சாமி சுற்றுமுற்றும் பார்த்தார். பார்வை புளிய மரத்தடியில் நின்றது. "அந்தா இருக்கான். இவன் மச்சினன். ஒரு காலத்துல பானையோட கவுத்தவன். அவன்கிட்டக் குடுத்துப் பாப்பமே. ஏலே சுருளி, என்ன சொல்ற?"

ரேஞ்சர் அதை இங்கிலீஷில் சொன்னார். துரை நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். துரைசாணி சிரித்த முகத்தோடு சுருளியாண்டியைப் பார்த்தாள்.

மச்சான் காப்புக் கட்டியிருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கோட்டைச்சாமியே விட்டிருப்பார். அந்த வார்த்தை சுருளியாண்டியின் தொண்டை வரைக்கும் வந்தது. கால் பக்கத்தில் நூல் கட்டாத பெட்டியும் இருந்தது. அதில் ஒன்றை எடுத்திருந்தால்கூட யாருக்கும் தெரிந்திருக்காது. அவன் கை சிவப்பு நூல் பாட்டிலுக்குத்தான் போனது. நூல் தெரியாமல் கழுத்தை உள்ளங்கையால் மறைத்துத் தம்ளரில் ஊற்றினான்.

"மச்சான், இங்கன வாங்க. காலையில இருந்து வெக்கையில கெடக்கீக. ஒரு சர்பத்து குடிங்க."

முத்துவீரன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். பெரிய மனுசர்கள் இருக்கிற இடம் என்று தம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, ஒரு பக்கமாகத் திரும்பி, அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தான்.

"எப்புடி இருக்கு?" என்றார் ரேஞ்சர்.

"நல்லாருக்குங்க." முத்துவீரன் சுருளியாண்டியைப் பார்த்தான். "பூ நல்லா எறங்கியிருக்கு மாப்ள. லேசா ஒரு கசப்பு அடிக்குது. எலுமிச்சய வெதையோட பிழிஞ்சுட்டியா?"

ரேஞ்சர் மேஜையில் தட்டிச் சிரித்தார். கோட்டைச்சாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டார். துரைக்கு மொழிபெயர்த்துச் சொன்னதும் அவரும் சிரித்தார். எல்லாரும் சிரிக்கிறார்களே என்று முத்துவீரனும் சிரித்தான். சுருளியாண்டியும் சிரித்தான். அப்படிச் சிரித்ததுதான் பின்னால் அவனைப் படுக்க விடாமல் செய்தது. ஊற்றிக் கொடுத்ததைக்கூட ஏதோ ஒரு நிமிச மயக்கம் என்று சொல்லிப் பார்க்கலாம். அந்தச் சிரிப்புக்கு என்ன சொல்ல?

முத்துவீரனின் கண் மேஜைக்கு வந்தது. காலிப் பாட்டில் சாய்ந்து கிடந்தது. கழுத்தில் ரெட்டை முடிச்சு. சிரிப்பு அவன் முகத்தை விட்டு உடனே போகவில்லை. போக வழி தெரியாத மாதிரி கொஞ்ச நேரம் நின்றது. தம்ளரை மெதுவாக மேஜையில் வைத்துவிட்டு மரத்தடிக்குப் போய், விட்ட இடத்தில் இருந்து ஐஸை உடைக்கத் தொடங்கினான். துரைசாணி அவன் மணிக்கட்டைக் காட்டி ரேஞ்சரிடம் என்னவோ கேட்டாள். ரேஞ்சர் காதில் வாங்கவில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் காலிப் பாட்டில்கள் கடகடவென்று ஆடிக்கொண்டு வந்தன. சின்ன ஓடைப் பாலத்தைத் தாண்டினார்கள். பாட்டில் மாறிப்போய்விட்டது என்று சொல்லிவிடு என்று புறப்படும்போது கோட்டைச்சாமி காதில் போட்டு அனுப்பியிருந்தார்.

"பாட்டில் மாறிப்போச்சு மச்சான்" என்றான் சுருளியாண்டி.

முத்துவீரன் மாட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"நூலக் கட்டுனதே நாந்தான மாப்ள" என்றான். பிறகு, "சரி. மாறிப்போச்சுன்னே இருக்கட்டும்."

ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தச் சொல்லி முல்லையாற்றுக்கு இறங்கினான். சுருளியாண்டியும் பின்னால் போனான். முத்துவீரன் முழங்கால் தண்ணீரில் நின்று காப்பைப் பல்லால் கடித்து அவிழ்த்தான்.

"மச்சான், தெரியாமக் குடிச்சதுக்கு ஆத்தா ஒண்ணும் நெனைக்க மாட்டா."

"அவ நெனைக்க மாட்டா. எனக்குத்தான் பயமா இருக்கு." காப்பைத் தண்ணீரில் விட்டான். "குடிச்சு முடிச்சப்பவே இன்னொண்ணு கேளுன்னு சொன்னுச்சு மாப்ள, இந்த நாக்கு. என்னான்னு தெரியுறதுக்கு முந்தியே சொன்னுச்சு. இத வச்சுக்கிட்டு நான் சட்டியத் தூக்கக் கூடாது."

வீட்டில் காப்பு எங்கே என்று சோணையம்மாள் கேட்டபோது, "தெரியாமக் குடிச்சுப்புட்டேன்" என்று மட்டும் சொன்னான். யார் கொடுத்தது, எங்கே என்று எதையும் சொல்லவில்லை. முன்பு குடித்த காலத்தில் எத்தனையோ தடவை அவன் சொன்ன வார்த்தைதான் அது. அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. மறுநாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தேவாரத்துக்குப் போய்விட்டாள்.

சுப்புத்தாய் கடைக்கே வந்துவிட்டாள். சக்கரத்தைப் பிடித்து நின்ற அண்ணனைப் பார்த்து, தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"உனக்குப் புத்தி வருமாண்ணே? கையில காப்புக் கட்டிக்கிட்டு எவன்கிட்டப் போய் வாங்கிக் குடிச்ச? எங்க மதினி மொகத்துல நான் எப்புடி முழிப்பேன்? இவுக உன்னைய நம்பிக் கடையில வச்சிருக்காக பாரு, இவுகளச் சொல்லணும்."

முத்துவீரன் தலையைக் குனிந்து நின்றான். சுருளியாண்டி பாட்டில் கழுவிக்கொண்டிருந்தான். கழுவின பாட்டிலையே எடுத்து மறுபடியும் கழுவினான். "போதும் புள்ள, விடு" என்றான். அதையும் அவள், புருசன் பெருந்தன்மையாகச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். அந்த இடத்திலேயே பூமி வாய் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது அவனுக்கு.

வீரபாண்டித் திருவிழாவுக்கு வழக்கம்போல் ஆற்றங்கரையில் கடை போட்டான். முத்துவீரன் பெட்டி சுமந்தான். தீச்சட்டிகள் வரிசையாகப் போயின. வேப்பிலையும் புகையும் குலவையுமாக ஒரே கூட்டம். முன் வருசங்களில் முத்துவீரனோடு சட்டி எடுத்தவன் ஒருவன் ஈர வேட்டியோடு கடைக்கு வந்து சோடா கேட்டான்.

"என்னப்பா, இந்த வருசம் அம்மனுக்கு லீவு விட்டியா? இல்ல, பழைய சாமியக் கும்பிட ஆரம்பிச்சுட்டியா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். முத்துவீரன் பாட்டிலைத் திறந்து அவன் கையில் கொடுத்தான். சுருளியாண்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

மறுநாள் காலையில் கடையை அப்படியே விட்டுவிட்டு சுருளியாண்டி பஸ் ஏறினான். சின்னமனூரில் இறங்கி, தேவாரம் போகிற மாட்டுவண்டி ஒன்றில் தொற்றிக்கொண்டான்.

சோணையம்மாள் களத்தில் சோளம் காய வைத்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா ஒச்சாண்டி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி" என்றாள். "அவுக அனுப்பிச்சாகளா?"

"இல்லக்கா. நானாத்தான் வந்தேன்." நின்றுகொண்டே சொன்னான். "மச்சான் குடிச்சது நான் குடுத்தது. கோட்டைச்சாமி தோட்டத்துல. சர்பத்துன்னு சொல்லிக் குடுத்தேன்."

அவள் சோளத்தைத் துழாவுவதை நிறுத்தினாள். "பாட்டிலு மாறிப்போச்சா?"

அவளே ஒரு வழியைத் திறந்துவிட்டாள். இரண்டாம் தடவையும் அதில் நுழைந்துவிடலாம்.

"மாறல. தெரிஞ்சுதான் குடுத்தேன். அவுகளால கண்டுபிடிக்க முடியுதா பாப்போம்னு பெரிய மனுசங்க கேட்டாக. தொரசானி பாத்துக்கிட்டு இருந்தா. நான் செஞ்சது ஒசத்தின்னு காட்டணும்னு..."

"அவுக கண்டுபிடிக்கலயா?"

"இல்ல."

"எல்லாரும் என்ன செஞ்சாக?"

"சிரிச்சாக."

"நீங்க?"

சுருளியாண்டி தரையைப் பார்த்தான். "நானும் சிரிச்சேன்க்கா."

ஒச்சாண்டி கட்டிலை விட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். அடிப்பதற்கு எதையாவது எடுத்து வரப்போகிறார் என்று நினைத்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். அவர் வெளியே வரவே இல்லை. சோணையம்மாள் சோளத்தைக் கூட்டி அள்ளிச் சாக்கில் போட்டாள். பிள்ளையைக் கூப்பிட்டாள்.

"கெளம்புங்க, போவம். ஒங்க வீட்டுல சுப்புத்தாகிட்ட நீங்களே சொல்லணும். என் வாயால சொல்ல மாட்டேன்."

சொன்னான். சுப்புத்தாய் அடுப்பு முன்னால் உட்கார்ந்து முழுசாகக் கேட்டாள். கத்தவில்லை. "அன்னைக்கிக் கடையில நான் எங்கண்ணன அம்புட்டுப் பேச்சுப் பேசுனேனே, நீங்க அங்கனதான நின்னீக?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். எழுந்து அண்ணன் வீட்டுக்கு ஓடினாள்.

கொஞ்ச நேரம் கழித்து சுருளியாண்டியும் போனான். எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது, இனிமேல் மச்சான் காலில் விழுந்துவிட்டால் நெஞ்சில் இருப்பது இறங்கிவிடும் என்ற எண்ணத்தில்தான் போனான். முத்துவீரன் வாசலுக்கு வந்தான். அவன் முகம் அப்படி மாறி சுருளியாண்டி பார்த்ததே இல்லை. ஆற்றில் நின்றபோதுகூட அந்த முகத்தில் கோபம் இல்லை. இப்போது இருந்தது.

"எதுக்குப் போய்ச் சொன்ன?"

"மச்சான், உங்க மேல பழி நிக்குதேன்னு..."

"நிக்கட்டும். குடிகாரன்தான நான்? குடிச்சுப்புட்டான்னு சொன்னா அது எனக்குப் பழகின பேரு. கொஞ்ச நாள்ல அவளே வந்திருப்பா; நான் குடிக்கலங்கிறத பாத்தே வந்திருப்பா." குரல் உடைந்தது. "என்னைய நடுவுல நிறுத்தி எல்லாரும் சிரிச்சாகன்னு ஏன் சொன்ன? நானும் ஒண்ணும் தெரியாம பல்லக் காட்டிக்கிட்டு நின்னேன்னு அவகிட்ட ஏன் சொன்ன? அது எனக்கும் உனக்கும் மட்டும் இருந்திருக்கும்ல. இப்ப அவ எனக்குச் சோறு போடும்போதெல்லாம் அது அவ கண்ணுல இருக்குமே."

சுருளியாண்டிக்கு இது தோன்றவே இல்லை. தேவாரம் வரைக்கும் போனான், திரும்பி வந்தான். அவ்வளவு வழியிலும் தன் நெஞ்சைப் பற்றித்தான் யோசித்திருந்தான்.

"போ மாப்ள. நாளையில இருந்து சக்கரத்துக்கு வேற ஆளப் பாத்துக்க."

கிளப்பில் இருந்து ஆள் வந்தபோது, அந்தப் பூ கிடைப்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டான். கடைத் தெரு முழுக்க அன்று மல்லிகைக் கூடைகள்தான் இருந்தன. வந்தவன் அவனையும் கூடைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனான். முத்துவீரன் அனுமந்தன்பட்டியில் வேறொரு தோட்டத்தில் பந்தல் கட்டும் வேலைக்குச் சேர்ந்தான். குடிக்கவில்லை. சோணையம்மாள் அவனோடுதான் இருந்தாள்.

ஆவணியில் சுருளியாண்டியின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்லாமல் எப்படிக் குத்துவது? சுப்புத்தாய் போய் அழைத்தாள். சுருளியாண்டிக்குப் போய் நிற்க முகம் இல்லை, வீட்டிலேயே இருந்துவிட்டான். முத்துவீரன் வரமாட்டான் என்று ஊரில் பாதிப் பேர் பேசிக்கொண்டார்கள். அவன் வந்தான். சீர்த் தட்டோடு, புது வேட்டியோடு, சோணையம்மாளோடு வந்தான். மருமகளை மடியில் உட்கார வைத்து, அழுத பிள்ளையின் நெற்றியில் முத்தம் கொடுத்தான். ஆசாரி குத்தி முடித்ததும் எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டு பந்திக்கு எழுந்தார்கள்.

சுருளியாண்டி வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு வந்தான். முத்துவீரன் முன்னால் வந்து நின்றான். செம்பை நீட்டினான்.

"தண்ணி மச்சான்."

முத்துவீரன் கையைத் தூக்குவதற்குள் பக்கத்தில் இருந்த சோணையம்மாள் எழுந்து செம்பை வாங்கிக்கொண்டாள். அண்ணாந்து ஒரு வாய் ஊற்றி விழுங்கினாள். ஒரு நிமிசம் நின்றாள். பிறகு புருசனிடம் கொடுத்தாள். முத்துவீரன் குடித்தான்.

பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தார்கள். சுப்புத்தாய் சோற்றுக் கரண்டியோடு நின்று பார்த்தாள். முத்துவீரன் குடித்து முடித்து மீதியைத் திருப்பித் தரும் வரைக்கும் சுருளியாண்டி கையை நீட்டியபடி அங்கேயே நின்றான். அடுத்த ஆளுக்கு அந்தச் செம்பு வேண்டும்.